சிரிப்பு ஷாட்

சகலேஷ்புரத்தைத் தாண்டியதும் பிடித்த மழை, காபித் தோட்டத்து வீட்டு வாசலில் வேன் நின்ற பிறகும் விடவில்லை. முன் சீட்டில் இருந்த டைரக்டர் உமாபதி இறங்காமல், கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரிந்த ஓட்டு வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வீட்டைப் பாத்து முடிச்சாச்சுன்னா உள்ள போலாமா? எனக்குக் கால் மரத்துப்போச்சு" என்றாள் நாகவேணி. அவள் அவருடைய அசோசியேட் டைரக்டர். எட்டாவது படிக்கிற மகனைத் துமகூரில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, மாதத்தில் பாதி நாள் இவர் பின்னால் அலைகிறவள்.

"இந்த வீடுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"மேனேஜர் புடிச்சது. பழைய வீடு, பின்னால காடு. நமக்கென்ன சார், பொணத்தைப் படுக்கவைக்க ஒரு ஹால் இருந்தா போதாதா?"

வழக்கமாக இதற்கெல்லாம் அவர் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. குடையைக்கூட வாங்காமல் நனைந்துகொண்டே உள்ளே போனார்.

கன்னட சீரியல் உலகத்தில் அவருக்குப் 'பாடை உமாபதி' என்று பெயர். அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஒரு நடிகைக்குச் சினிமா வாய்ப்பு வந்து சீரியலை விட்டுப் போனால் அந்தப் பாத்திரம் சாக வேண்டும். ஒரு நடிகர் சேனலோடு மல்லுக்கு நின்றால் அவரும் சாக வேண்டும். மாமியார் மருமகள் சண்டையை எடுக்க ஆள் நிறைய உண்டு. சாவை ஒழுங்காக எடுக்க உமாபதியைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், கர்நாடகத்துச் சமையலறைகளை எல்லாம் அழவைப்பார், கிளம்பிவிடுவார். எத்தனை மருமகள்களை, எத்தனை மாமனார்களைக் கொன்றார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

அதற்கு முன்னால் அவர் சினிமா டைரக்டர். ஒரே ஒரு படம். அது தியேட்டரின் வாசலைப் பார்க்கவே இல்லை. பிறகு டிவி: விவசாயிகளுக்கான நிகழ்ச்சி, பள்ளிப் பிள்ளைகளின் விநாடி வினா, ஞாயிற்றுக்கிழமை நாடகம், கடைசியில் இந்தச் சாவுகள். அந்தப் படத்தின் கதாநாயகி சுமங்களா என்றும், படம் முடியும் முன்பே இறந்துபோனாள் என்றும், நெகட்டிவ் லேபில் கிடந்து அழுகிவிட்டது என்றும் நாகவேணிக்கு அரசல்புரசலாகத் தெரியும். அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதையும் அதிலிருந்தே ஊகித்திருந்தாள். கேட்டதில்லை. கேட்டால் அவர் முகம் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உமாபதி விடாக்கண்டன். செத்தவராக நடித்தவர் ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு பதிவாக வேண்டும். அதற்குப் பிறகுதான் முகத்தைக் கழுவலாம், வீட்டுக்குப் போகலாம். நடித்த சாவு நிஜமாகிவிடக் கூடாது என்று எல்லா யூனிட்டிலும் உள்ள பழக்கம்தான் இது. ஆனால் பலர் ஏனோதானோவென்று செல்போனில் எடுத்து முடித்துவிடுவார்கள். உமாபதி அதே கேமராவில், அதே விளக்கில் எடுப்பார். எடுத்ததைப் போட்டுப் பார்க்காமல் பேக்கப் சொல்ல மாட்டார். "பொணம் நடிச்சதைவிடச் சிரிச்சதுக்குத்தான் சார் டேக் அதிகம்" என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

ஹாலில் சிவப்புத் தரை மழை வெளிச்சத்தில் கறுத்துக் கிடந்தது. ஈரமண் வாசனையும், எங்கிருந்தோ வாடிய மல்லிகை வாசனையும் வந்தன. வீட்டைக் காக்கிற தம்மய்யா கோணிப்பையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க மட்டும் காயாது, தாயி" என்றார் நாகவேணியிடம். "எவ்வளவு துடைச்சாலும் மறுபடி ஈரம் ஊறும். வெயில் காலத்துலயும் இப்படித்தான். ஓடு ஒழுகலை, நான் ஏறிப் பாத்துட்டேன்."

தூணுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் படுக்கிற நீளத்துக்கு, தரை ஈரமாக இருந்தது.

உமாபதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "பாடையை அந்தப் பக்கம் வைங்க" என்று எதிர் மூலையைக் காட்டினார்.

ஆனால் அந்த மூலையில் வெளிச்சம் இல்லை. மழையில் ஜெனரேட்டர் வேறு முரண்டு பிடித்தது. கேமராமேன் லோஹித் கெஞ்சினான். "சார், தூணோரம்தான் ஜன்னல் வெளிச்சம் விழுது. ஒரு பாயைப் போட்டுட்டா ஈரம் தெரியாது." மணி நாலுகூட ஆகாமல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. உமாபதி கடைசியில் கையை மட்டும் அசைத்தார்.

சாக வேண்டியவள் ஸ்பூர்த்தி. சீரியலில் மூத்த மருமகள் கௌரி. நிஜத்தில் வாய் ஓயாத பெண். மூக்கில் பஞ்சு வைக்கும்போதுகூடப் பேசினாள்.

"நாகாக்கா, எனக்கு ரெண்டு அக்கி ரொட்டி எடுத்து வைங்க. செத்து எந்திரிச்சா பயங்கரமா பசிக்கும்."

"வாயை மூடுடி. பொணம் ரொட்டி கேட்டு நான் பாத்ததே இல்ல."

நெற்றியில் காசு வைத்து, வெள்ளைத் துணி போர்த்தி, தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். மாமியாராக நடிப்பவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகை நன்றாக வந்தது. இரண்டாவது டேக்கிலேயே உமாபதி ஓகே சொன்னார்.

"சரி, சிரிப்பு ஷாட்" என்று கைதட்டினாள் நாகவேணி. "ஸ்பூர்த்தி, கேமராவைப் பாத்துப் பல்லைக் காட்டு."

துணியை விலக்கினார்கள். ஸ்பூர்த்தி கண் திறக்கவில்லை.

"தூங்கிட்டாளா?"

உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன.

"ஓடுதா?"

குரல் ஸ்பூர்த்தியுடையதாக இல்லை. மேடை நாடகத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பழகிய, கொஞ்சம் இழுத்துப் பேசும் குரல். பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். "சூப்பரா மிமிக்ரி பண்றா அக்கா."

நாகவேணி திரும்பி உமாபதியைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த டீ கோப்பை சாய்ந்து சட்டையில் ஊற்றிக்கொண்டிருந்தது. சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

"ஓடுது, சுமா" என்றார், காற்றைப் போல.

அவள் கண் திறந்தாள்.

சிரித்தாள்.

ஒரு பக்கமாக ஏறி, கீழுதட்டின் ஓரத்தை லேசாகக் கடித்துக்கொள்ளும் சிரிப்பு. வெட்கமும் குறும்பும் கலந்தது. அந்த முகத்தில் நாகவேணி ஒரு நாளும் பார்க்காதது. பையன்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. ஓட்டின் மேல் மழை மட்டும் கேட்டது. மல்லிகை வாசனை நெஞ்சை அடைக்கிற மாதிரி ஏறியது.

உமாபதி கட் சொல்லவில்லை.

நாகவேணியின் பார்வை துணிக்கு வெளியே கிடந்த கையில் விழுந்தது. நகங்கள் நீலம் பாரித்திருந்தன. மார்பைப் பார்த்தாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"சார். கட் சொல்லுங்க."

அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவர் பார்வை சிரிப்பை விட்டு நகரவில்லை.

"சார், புள்ள மூச்சு விடல."

அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. மூன்றாவது முறைதான் சத்தம் வந்தது.

"கட்."

ஸ்பூர்த்தி இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "என்ன, ஆரம்பிச்சாச்சா? கண்ணசந்துட்டேன்போல. யாரு என் முதுகுல தண்ணி ஊத்தினது?"

பாய் நனைந்து சொதசொதவென்று இருந்தது. எடுத்து வைத்த அக்கி ரொட்டியை அவள் தொடவே இல்லை.

மறுநாள் காலை ஸ்பூர்த்தி கண் திறக்கவில்லை.

ஹாசனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் கோளாறு இல்லை, ஆனால் உடம்பு மட்டும் மணிக்கு மணி குளிர்ந்துகொண்டே போகிறது, காரணம் பிடிபடவில்லை என்றார் டாக்டர். வராந்தாவில் ஸ்பூர்த்தியின் அம்மா நாகவேணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளுடன் எல்லா ஷூட்டிங்குக்கும் வந்து வந்து, தொழிலின் பழக்கமெல்லாம் அறிந்தவள்.

"நேத்து மட்டும் நான் வரல. சிரிப்பு எடுத்தீங்களாம்மா?"

"எடுத்தோங்க" என்றாள் நாகவேணி.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நேற்று யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

வேனுக்குள் உட்கார்ந்து லோஹித் லேப்டாப்பைத் திறந்தான். பக்கத்தில் உமாபதி. இரவெல்லாம் தூங்காத கண்கள். ஷாட் ஓடியது. ஸ்பூர்த்தியின் முகம், நெற்றியில் காசு, மூடிய இமைகள். மூடிய இமைகள்தான், கடைசி வரைக்கும். உதடு அசையவில்லை. சிரிப்பு இல்லை. வெறுமனே படுத்திருந்தாள், பிணம் மாதிரி.

"நாமெல்லாம் பாத்தோமே அக்கா" என்றான் லோஹித்.

படத்தில் உமாபதியின் குரல் வந்தது. "கட்." அதற்குப் பிறகு, முகம் மறைந்து திரை கறுத்த பின்பு, ஒலி மட்டும் ஒரு நொடி மிச்சமிருந்தது. அதில் ஒரு பெண் கேட்டாள்.

"இன்னொன்னு போலாமா? சிரிப்பு சரியா வரல."

லோஹித் லேப்டாப்பை சீட்டில் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய் நின்றான்.

உமாபதி லேப்டாப்பை மூடிவைத்தார். பேசியபோது குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் நாகவேணிக்குப் பயமாக இருந்தது.

"எந்த டேக்கும் அவளுக்குத் திருப்தியா இருக்காது. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் இதேதான் கேப்பா, இன்னொன்னு போலாமான்னு. கதக் ஊர்ப் பக்கம் நாடகக் கம்பெனியில இருந்து நான்தான் கூட்டிட்டு வந்தேன். படம் முடிஞ்சதும் கல்யாணம்னு பேச்சு."

"சார், அதெல்லாம் இப்ப வேணாம்."

"கேளு. கதையில அவ சிரிக்கவே மாட்டா. அப்படி ஒரு சோகப் பாத்திரம் எழுதினேன், பெரிய மேதை நான். கடைசி நாள் அதே வீட்ல, அந்தத் தூணோரம் அவ சாவை எடுத்தோம். சிரிப்பு எடுக்கணும். அப்பல்லாம் பிலிம். கையில இருந்தது ஒரே ஒரு துண்டு. சூரியன் இறங்குறதுக்குள்ள காடு ஷாட் ஒண்ணு பாக்கி. கேமராமேன் காதுல சொன்னேன், பிலிம் போடாம காலியா ஓட்டுன்னு. மோட்டார் சத்தம் கேட்டா போதும்ல. அந்தக் காலத்துல எல்லாரும் பண்ணதுதான். அவ படுத்துக்கிட்டே கேட்டா, ஓடுதான்னு. ஓடுதுன்னேன்."

நாகவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சிரிச்சிருப்பா. நான் பாக்கல. காடு ஷாட்டுக்கு டிராலி போடச் சொல்லிக் கத்திக்கிட்டு இருந்தேன். இன்னொன்னு போலாமான்னா. போதும், நல்லா இருந்துச்சுன்னேன். மறுநாள் ஊருக்குப் போறேன்னு பஸ் ஏறினா. மலையிறக்கத்துல பஸ் பள்ளத்துல விழுந்துடுச்சு." மூடிய லேப்டாப்பின் மேல் கையை வைத்தார். "அவ சிரிச்ச போட்டோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல, நாகா. அந்தச் சிரிப்பை நேத்துதான் முதல்முதலாப் பாத்தேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதனைப் பாடை உமாபதி என்று தானும் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறோமே என்று நெஞ்சு சுட்டது.

"இப்ப என்ன சார் பண்றது?"

"அவ அங்கயே கிடக்குறா. ஷாட் இன்னும் முடியல. சிரிக்க அவளுக்கு ஒரு முகம் வேணும், அதுக்காகப் புள்ளையப் புடிச்சு வெச்சிருக்கா. கெட்டவ இல்ல. வேலையை முடிக்காமப் போகத் தெரியாதவ, அவ்வளவுதான்." வேனின் கதவைச் சாத்தினார். "என் முகத்தை எடுத்துக்கட்டும். வண்டியை எடுக்கச் சொல்லு."

"நீங்க படுக்கப் போறீங்களா? ஹார்ட்டுக்கு மாத்திரை போடுற ஆளு அந்த ஈரத்துல படுப்பீங்களா? புத்தி கெட்டுப்போச்சா சார் உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரி வராந்தால அந்த அம்மாகிட்ட என்ன சொன்ன?"

நாகவேணி கதவைத் திறந்து, லோஹித்தை வண்டியை எடுக்கச் சொன்னாள்.

மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றே பேர். மழை நின்று, தோட்டம் முழுக்க இலையிலிருந்து சொட்டும் சத்தம். தம்மய்யா கதவைத் திறந்து விட்டுவிட்டு வாசலோடு நின்றுகொண்டார்.

தூணோரத் தரை நேற்றைவிட ஈரமாக இருந்தது.

உமாபதி செருப்பைக் கழற்றினார். பாய் வேண்டாம் என்றார். வெறுந்தரையில் படுத்து, காசைத் தானே நெற்றியில் வைத்துக்கொண்டார். அந்த ஈரத்தில் படுக்கும்போது அவர் சிலிர்க்கக்கூட இல்லை. வெகுநாள் கழித்துத் தன் கட்டிலில் படுக்கிறவர் மாதிரி உடம்பைத் தளர்த்திக்கொண்டார்.

"நாகா."

"சொல்லுங்க சார்."

"நீதான் டைரக்டர். கேமரா ஓடுதான்னு நல்லாப் பாத்துக்கோ. நான் சொல்ற வரைக்கும் கட் சொல்லாத."

"நீங்க எப்ப சொல்வீங்க?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நாகவேணி வெள்ளைத் துணியைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள். கேமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். எரிந்தது. நொடிகள் ஓடுகின்றனவா என்று பார்த்தாள். ஓடின. லோஹித்தையும் பார்க்கச் சொன்னாள்.

வெளியே இலைகள் சொட்டுவது நின்றது.

மல்லிகை.

உமாபதியின் உதடுகள் அசைந்தன. வந்தது அந்த இழுவைக் குரல்.

"ஓடுதா?"

நாகவேணி கேமராவின் பக்கம் குனிந்தாள். மறுபடி ஒரு முறை சிவப்பு விளக்கைப் பார்த்தாள். இதில் மட்டும் பொய் சொல்லக் கூடாது.

"ஓடுதும்மா" என்றாள். "நெஜமாவே ஓடுது."

அந்தக் கிழட்டு முகத்தில் கண்கள் திறந்தன. ஒரு பக்கமாக ஏறிய சிரிப்பு, உதட்டோரக் கடி. வெட்கம். நரைத்த மீசைக்குக் கீழே ஓர் இளம்பெண்ணின் சிரிப்பு. பார்க்கப் பயங்கரமாக இருந்திருக்க வேண்டும். நாகவேணிக்கு அழுகைதான் வந்தது.

பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல மாறியது. அவருடைய சொந்தச் சிரிப்பாக ஆனது. பார்வை கேமராவை விட்டு விலகி, பக்கத்தில் ஓர் ஆள் குனிந்து பார்க்கிற உயரத்தில் நின்றது.

நாகவேணி காத்திருந்தாள்.

அவர் சொல்வார் என்று காத்திருந்தாள்.

போர்த்திய துணி அசையவில்லை. லோஹித் அவள் பெயரைச் சொல்லி முனகினான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அவர் சொன்ன சொல்லுக்காக இன்னும் கொஞ்சம் நின்றாள். அந்தச் சிரிப்பைப் பாதியில் வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

அவள் இடுப்பில் செல்போன் அதிர்ந்தது. ஸ்பூர்த்தியின் அம்மா. எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் அழுகையும் சிரிப்புமாக ஒரே குழப்பம். "கண்ணைத் திறந்துட்டாம்மா. பசிக்குதாம். அக்கி ரொட்டி எங்கன்னு உங்களைத்தான் கேக்குறா."

"குடுங்க" என்றாள் நாகவேணி. "வயிறு நிறையக் குடுங்க."

போனை வைத்தாள். தரையைப் பார்த்தாள்.

"கட்."

உமாபதி எழுந்திருக்கவில்லை. அவரைத் தூக்கியபோது துணியும் முதுகும் காய்ந்து இருந்தன. அவருக்குக் கீழே, தம்மய்யா இத்தனை வருஷம் துடைத்துத் துடைத்து அலுத்த அந்த இடம், மற்ற தரையைப் போலவே உலர்ந்து கிடந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பெங்களூரில் எடிட்டர் அறையில் நாகவேணி அந்த ஷாட்டைப் போடச் சொன்னாள். தனியாகப் பார்க்கத் தைரியம் இல்லை. ஸ்பூர்த்தியும் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சிரிப்பு பதிவாகியிருந்தது. முழுசாக, முதலில் அவளுடையது, பிறகு அவருடையது. ஸ்பூர்த்தி விசும்பினாள். "இவர் இவ்வளவு அழகா சிரிப்பாரா நாகாக்கா?"

"எனக்கும் தெரியாதுடி."

திரையில் நாகவேணியின் குரல் கட் என்றது. முகம் மறைந்து திரை கறுத்தது. எடிட்டர் நிறுத்தப் போனபோது அவள் அவன் கையைப் பிடித்தாள். சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டது. அன்று அந்த நேரத்தில் மழை பெய்யவில்லை.

மழைக்குள்ளிருந்து அந்தப் பெண் கேட்டாள்.

"இன்னொன்னு போலாமா?"

நாகவேணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். அந்தச் செருமலை அவள் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வாள்.

"போலாம், சுமா" என்றார் உமாபதி. "எவ்வளவு வேணா போலாம்."

எங்கேயோ ஒரு பழைய கேமராவின் மோட்டார் ஓட ஆரம்பித்தது. எடிட்டர் எல்லாவற்றையும் நிறுத்தி, கம்ப்யூட்டரின் மின்சாரத்தையும் பிடுங்கினான். திரை செத்து, அறை இருட்டாகி, மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்த மோட்டார் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.